பேட்டரி இருந்தது, வண்டி ஓடவில்லை!

சித்திரை வெயில். பிற்பகல் 3 மணி. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலை.

சாலை ஓரத்துப் புளிய மரத்தடியில் ஒரு மின்சார ஸ்கூட்டர் நின்றது. கால் வைக்கும் இடத்தில் ஒரு மாவு வாளி. பின் சீட்டில் இன்னொரு வாளி, கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் ஓர் அம்மாள். வயது ஐம்பது இருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வருகிற வண்டிகளை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கம்மா, சார்ஜ் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"அதுதான் இல்லை தம்பி. இதோ பாருங்க, 64 காட்டுது. ஆனா நகர மாட்டேங்குது!"

பார்த்தேன். வண்டியின் முகப்பில் 64 என்ற எண் பளிச்சென்று தெரிந்தது. நூற்றுக்கு 64 பங்கு மின்சாரம் மிச்சம் இருக்கிறது. சக்கரத்தில் காற்று இருக்கிறது. ஹாரன் அடிக்கிறது. விளக்கு எரிகிறது. வண்டி மட்டும் ஓடவில்லை!

அந்த அம்மாள் இட்லி மாவு அரைத்து விற்பவர். திருமயம் சாலையில் உள்ள ஒரு சிற்றூரில் வீடு. நாள்தோறும் மாலையில் புதுக்கோட்டைக் கடைகளுக்கு மாவு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்றும் அப்படித்தான் புறப்பட்டார். பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. வெயிலில் மாவு பொங்கி, வாளி மூடியைத் தள்ளத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் அந்த மாவை யாரும் வாங்க மாட்டார்கள்.

கடைசியில் ஒரு குட்டி யானை வண்டி வந்தது. ஸ்கூட்டரையும் வாளிகளையும் அதில் ஏற்றினோம். புதுக்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தோம்.

மெக்கானிக் இளைஞர். சீட்டைத் தூக்கினார். மீட்டர் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பேட்டரி நல்லா இருக்குக்கா. மோட்டாரும் நல்லா இருக்கு. கன்ட்ரோலர்தான் போயிடுச்சு."

அவர் கழற்றி எடுத்துக் காட்டியது ஓர் அலுமினியப் பெட்டி. பள்ளிக்கூடப் பிள்ளையின் டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதன் முதுகில் சீப்புப் பல் போன்ற தகடுகள். தகடுகளின் இடையே செம்மண் இறுகிப் பூசினாற்போல் அடைத்துக் கிடந்தது.

மின்சார வண்டி என்றால் எல்லோரும் பேட்டரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் போகும், எத்தனை வருஷம் உழைக்கும், தீப்பிடிக்குமா என்கிறார்கள். இந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்பவர் இல்லை. ஆனால் நடு வழியில் நிற்பதா, வீடு போய்ச் சேர்வதா என்பது பல சமயம் இந்தப் பெட்டியின் கையில்தான் இருக்கிறது!

சைக்கிள் கற்ற பெண்கள்

வண்டி நின்றால் என்ன, பஸ் இல்லையா என்று சிலர் நினைக்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

1991-ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. அப்போது மாவட்டக் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஊக்கம் தந்தார். வயல் வேலை செய்யும் பெண்களும் கல் குவாரியில் உழைக்கும் பெண்களும் சைக்கிள் பழகினார்கள். 1992-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் புதுக்கோட்டை வீதிகளில் மணி அடித்துக்கொண்டு வந்தார்கள். ஊரே வியந்து பார்த்தது!

பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோயிற்று. பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன் பக்கத்துக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு வசதி.

நான் சந்தித்த அம்மாளும் அன்று சைக்கிள் பழகியவர்தான். அப்போது அவருக்குப் பதினாறு வயது. எழுத்துக் கற்றுக்கொண்டதும் அந்த வருஷமே. "அதுக்கு முன்னால புதுக்கோட்டைக்குப் போகணும்னா அண்ணன் கூட வரணும், இல்லாட்டி பஸ்ஸுக்கு மணிக்கணக்கா காத்திருக்கணும். சைக்கிள் வந்த பிறகு யாரையும் கேட்கலை" என்றார் அவர்.

அந்தச் சைக்கிளுக்கு அடுத்த படிதான் இந்த மின்சார ஸ்கூட்டர். பெட்ரோல் செலவு இல்லை. மிதிக்க வேண்டியதும் இல்லை. சுமையோடு போகலாம். ஆனால் நடு வழியில் கைவிடும் வண்டி என்றால், இருட்டிய பிறகு பெண்கள் அதை நம்பி எப்படிப் புறப்படுவார்கள்?

அப்படியானால் அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

கண்மாயும் மடையும்

புதுக்கோட்டை, கண்மாய்கள் நிறைந்த சீமை. ஆகவே கண்மாயைக் கொண்டே சொல்லலாம்.

பேட்டரி ஒரு கண்மாய். அதில் மின்சாரம் தேங்கி நிற்கிறது. மோட்டார் ஒரு வயல். கண்மாய்த் தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வயல் விளையுமா? விளையாது. அழிந்துபோகும். எந்த வயலுக்கு, எப்போது, எவ்வளவு என்று பார்த்து மடையைத் திறந்து மூட ஒரு நீர்பாய்ச்சி வேண்டும். கன்ட்ரோலர்தான் அந்த நீர்பாய்ச்சி!

பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது. மோட்டாருக்கு அது ஒத்துவராது. மோட்டாருக்குள் மூன்று கம்பிச் சுருள் கூட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் மின்சாரம் ஒழுங்காக முறை வைத்து மாறி மாறிப் பாய வேண்டும். அப்போதுதான் உள்ளே காந்தம் சுழலும். சக்கரம் உருளும்.

இப்படி முறை வைத்துப் பாய்ச்சுவதற்குக் கன்ட்ரோலரில் ஆறு மடைகள் இருக்கின்றன. கையால் தட்டும் ஸ்விட்சு அல்ல இவை. விரல் நகத்தைவிடச் சிறிய சிலிக்கன் வில்லைகள். டிரான்சிஸ்டர் இனத்தைச் சேர்ந்தவை. இவை திறந்து மூடும் வேகம், விநாடிக்குப் பத்தாயிரம் தடவை என்ற அளவில் இருக்கும்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் வண்டி ஓடினால், ஒரு ஸ்விட்சு 3 கோடியே 60 லட்சம் தடவை திறந்து மூடுகிறது. நம் வீட்டு விளக்கு ஸ்விட்சை நாளுக்குப் பத்துத் தடவை போட்டு அணைத்தால், அத்தனை தடவை ஆவதற்கு 9,800 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

கைப்பிடியைத் திருகினால் வண்டி வேகமாகப் போகிறது. அந்தக் கைப்பிடி பேட்டரியை நேரே தொடுவதில்லை. "இன்னும் கொஞ்சம் திற" என்று கன்ட்ரோலருக்குச் செய்தி சொல்கிறது; அவ்வளவுதான். பிரேக் போடும்போது பல வண்டிகளில் இன்னொரு விந்தையும் நடக்கிறது. மோட்டாரே டைனமோவாக மாறி மின்சாரம் உண்டாக்குகிறது. அதைத் திருப்பி பேட்டரியில் சேர்ப்பதும் இந்தப் பெட்டிதான்.

மின்சாரக் காரிலும் பஸ்ஸிலும் இதே வேலைதான் நடக்கிறது. பெட்டி பெரிது. அங்கே அதை 'இன்வர்ட்டர்' என்கிறார்கள். பெட்ரோல் என்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் 'ஹைபிரிட்' காரிலும் இது உண்டு.

யானைப் பலம், அங்குச ஏவல்

காரிலும் ரயிலிலும் வேலை செய்யும் பெரிய ஸ்விட்சுக்கு 'ஐ.ஜி.பி.டி.' என்று பெயர். அதன் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

பி. ஜெயந்த் பாலிகா என்ற விஞ்ஞானி 1969-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பட்டம் பெற்றவர். பிறகு அமெரிக்கா சென்று மேல்படிப்பு முடித்தார். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

அக்காலத்தில் இரண்டு வகை டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஒன்று பலசாலி, நிறைய மின்சாரத்தைத் தாங்கும். ஆனால் அதை ஏவுவதற்கே நிறைய மின்சாரம் செலவாகும். மற்றொன்று சொன்ன பேச்சைச் சட்டென்று கேட்கும். ஆனால் மின் அழுத்தம் கூடினால் அதனால் பெரிய பாரம் சுமக்க முடியாது.

இரண்டின் நல்ல குணங்களையும் ஒரே சிலிக்கன் வில்லையில் சேர்த்தால் என்ன? 1980-களின் தொடக்கத்தில் பாலிகா அதைச் செய்து காட்டினார். பலம் யானைப் பலம். ஏவுவதற்கோ ஒரு சிறு அங்குசம் போதும்!

இன்று ரயில் என்ஜினிலும், காரிலும், காற்றாலையிலும் இந்த ஸ்விட்சு வேலை செய்கிறது. வெகு தூரம் போக வேண்டாம். உங்கள் சமையலறை இண்டக்ஷன் அடுப்புக்குள்ளும் இது இருக்கிறது. 2011-ல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா, பாலிகாவுக்கு அந்நாட்டின் உயர்ந்த தொழில்நுட்பப் பதக்கத்தை அணிவித்தார். 2024-ல் பின்லாந்து நாட்டின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசும் அவரைத் தேடி வந்தது.

ஸ்கூட்டர் போன்ற சிறு வண்டிகளில், இதற்கு நெருங்கிய உறவான 'மாஸ்பெட்' என்ற ஸ்விட்சு இருக்கிறது. வேலை ஒன்றுதான். எதிரியும் ஒன்றுதான்!

டிபன் டப்பாவுக்குள் குண்டு பல்பு

அந்த எதிரி யார்? உஷ்ணம்!

மடை எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் கசியத்தான் செய்யும். அதுபோல ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் ஸ்விட்சில் கொஞ்சம் மின்சாரம் வீணாகிறது. வீணானது சூடாக மாறுகிறது.

ஒரு ஸ்கூட்டர் 3,000 வாட் சக்தியில் ஓடுகிறது என்று வையுங்கள். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு வீணானால் 90 வாட். பழைய காலத்து 100 வாட் குண்டு பல்பு எரியும்போது தொட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். கிட்டத்தட்ட அந்தப் பல்பை ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடினால் எப்படி? அதுதான் கன்ட்ரோலரின் நிலை! பெட்டியின் முதுகில் சீப்புப் பல் போலத் தகடுகள் வைத்திருப்பது இதற்காகவே. காற்றுப் பட்டுச் சூடு வெளியேற வேண்டும். அங்கே சேறு அப்பிக்கொண்டால், காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்திய கதைதான்.

சுமை ஏறினால் சூடும் ஏறும். அதுவும் நேர்க்கணக்கில் ஏறாது. ஸ்கூட்டர் ஸ்விட்சில் மின்சாரம் இரண்டு மடங்கு ஓடினால், அதன் வழியில் உள்ள தடையால் உண்டாகும் சூடு நான்கு மடங்கு!

ஆனால் சூடு மட்டும் கொல்வதில்லை. சூடாகி ஆறுவதும், மறுபடி சூடாகி மறுபடி ஆறுவதும்தான் மெல்லக் கொல்கிறது. எப்படி?

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் இரும்புப் பட்டா மாட்டுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். பட்டாவை நெருப்பில் காய்ச்சுவார். அது விரியும். மரச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். 'சுர்' என்று சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். உலோகம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்பதைக் கொல்லர் தம் தொழிலுக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

அதே குணம் கன்ட்ரோலருக்குள் வினையாகிறது. சிலிக்கன் வில்லையின் மேல் தலைமுடி போன்ற மெல்லிய அலுமினியக் கம்பிகள் ஒட்டியிருக்கும். கீழே ஈயப்பற்று. அதன் கீழே செம்பு. சூடு ஏறும்போது எல்லாம் விரிகின்றன. ஆனால் ஒரே அளவில் அல்ல. சிலிக்கன் ஒரு பங்கு விரிந்தால் அலுமினியம் ஏறக்குறைய எட்டுப் பங்கு விரிகிறது. செம்பு ஆறு பங்கு. ஒட்டிய இடத்தில் ஒன்றை ஒன்று இழுக்கிறது. ஆறும்போது எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடுகிறது அல்லவா? அப்படியே பற்று விரிகிறது. கம்பி தூக்கிக்கொள்கிறது. மின்சாரம் போகும் வழி குறுகுகிறது. குறுகிய வழியில் சூடு இன்னும் ஏறுகிறது. ஒரு நாள் "டப்" என்று எல்லாம் முடிந்துவிடுகிறது!

கடைக்குக் கடை நின்று நின்று மாவு கொடுக்கும் வண்டிக்கு இந்தச் சோதனை அதிகம். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டிக்குக் குறைவு.

பெட்டிக்குள் இன்னும் ஒரு பலவீனன் உண்டு. மின்சாரத்தைக் கண நேரம் தேக்கிக் கொடுக்கும் 'கப்பாசிட்டர்'. சிறு உருளை போல இருக்கும். அதன் ஒரு வகையில் உள்ளே ஈரப்பசை இருக்கிறது. வெக்கையில் அது காய்ந்துபோகிறது. உஷ்ணம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுக் கணக்கு.

இவற்றோடு நம் மாவட்டத்துச் செம்மண் தூசி. மழைக் காலத்துச் சேறு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று. உப்புக் காற்று, கம்பிகள் சேரும் முனைகளை அரிக்கிறது. அரித்த முனை சூடாகிறது. சூடான முனை உருகுகிறது.

19 லட்சம் கார்கள்!

"இதெல்லாம் மலிவு வண்டிகளின் கதை. பெரிய கம்பெனிக் கார்களில் வராது" என்று நினைத்துவிடாதீர்கள்.

ஜப்பானின் டொயோட்டா கம்பெனி 1997-ல் 'பிரியஸ்' என்ற ஹைபிரிட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகமே அதைக் கொண்டாடியது. நம்பகமான கார் என்று பெயர் எடுத்தது.

2014 பிப்ரவரியில் ஓர் அறிவிப்பு வந்தது. உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பிரியஸ் கார்களைச் சரிபார்க்கத் திரும்ப அழைப்பதாகக் கம்பெனி சொன்னது! காரணம் என்ன? என்ஜின் கோளாறா? பேட்டரி கோளாறா? இரண்டும் இல்லை. மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கும் பெட்டியில் சில டிரான்சிஸ்டர்கள் அளவுக்கு மீறிச் சூடாகிக் கெடக்கூடும் என்று கண்டுபிடித்தார்கள். கெட்டால் கார் வேகம் குறைந்து தள்ளாடிப் போகும். சில சமயம் நடு வழியிலேயே நின்றுவிடும்.

பரிகாரம் என்ன தெரியுமா? அந்த ஸ்விட்சுகளை ஏவும் கம்ப்யூட்டர் கட்டளைகளை மாற்றி எழுதினார்கள். வயலுக்கு நீர் விட்ட முறையில்தான் தவறு இருந்தது. நீர்பாய்ச்சிக்குப் புது உத்தரவு போட்டதும் மடை பிழைத்தது!

இதில் ஒரு பாடம் உண்டு. நல்ல சரக்கு வாங்கிப் போட்டால் மட்டும் போதாது. அதை எவ்வளவு வருத்தலாம் என்று அறிந்து ஆள வேண்டும். தவறு தெரிந்ததும் ஒளிக்காமல் வண்டியைத் திரும்ப அழைக்கவும் வேண்டும்.

வேகவைத்துக் குளிரவைத்து...

பெட்டியைக் கெடாமல் செய்ய வழி இல்லையா? உண்டு. ஆனால் குறுக்கு வழி இல்லை.

முதல் வழி, கெடுவதற்கு முன்பே கெடுத்துப் பார்ப்பது! காரில் வைக்கும் டிரான்சிஸ்டர்களைச் சோதனைக் கூட்டில் வைத்து, பனிக்கட்டியைவிடக் கடும் குளிரிலிருந்து கொதிநீரையும் மிஞ்சிய சூட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மறுபடி குளிருக்கு. இப்படி ஆயிரம் தடவை! அதற்குப் பிறகும் வேலை செய்தால்தான் தேர்ச்சி. குலுக்கிப் பார்க்கிறார்கள். தூசியில் வைக்கிறார்கள். உப்பு நீர் தெளிக்கிறார்கள். வண்டிகளைச் சோதிக்கும் பெரிய நிலையம் ஒன்று சென்னையை அடுத்த ஒரகடத்திலும் இருக்கிறது.

இரண்டாவது வழி, ஒட்டும் முறையை மாற்றுவது. ஈயப்பற்றுக்குப் பதிலாக வெள்ளித் தூளை அழுத்திச் சூடாக்கி ஒட்டுகிறார்கள். மெல்லிய அலுமினியக் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புப் பட்டைகளை வைக்கிறார்கள்.

மூன்றாவது வழி, சிலிக்கனையே மாற்றுவது. 'சிலிக்கன் கார்பைடு' என்ற புதுச் சரக்கு வந்திருக்கிறது. புதிது என்கிறோமே, நமக்கு அது பழைய சிநேகிதம்! கத்தி தீட்டுகிறவர் சுற்றும் சாணைக்கல்லில் இருக்கும் கார்போரண்டம் இந்தச் சரக்குதான். அதையே மிகத் தூய்மையாக வளர்த்தெடுத்து ஸ்விட்சு செய்கிறார்கள். அது அதிகச் சூடு தாங்குகிறது. மின்சாரத்தை வீணாக்குவதும் குறைவு. 2017-ல் வந்த அமெரிக்காவின் டெஸ்லா 'மாடல் 3' காரில் இது இடம் பெற்றது. விலைதான் அதிகம்.

நான்காவது வழி, பெட்டிக்குள்ளேயே ஓர் உஷ்ணமானி வைப்பது. சூடு அளவு மீறினால் கன்ட்ரோலர் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். வண்டி மெதுவாகப் போகும். ஆனால் வீடு போய்ச் சேரும். களைத்த மாடு நடையைத் தளர்த்துவது போலத்தான் இதுவும். சாட்டையால் அடித்தால் மாடு விழுந்துவிடும்!

காந்தம் கூட்டிய சாலை

கெடுவதற்கு முன்பே காப்பது புதுக்கோட்டைச் சாலைகளுக்குப் புதிதல்ல.

1910-களில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். பிறகு மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு டி.வி.எஸ். பஸ்கள் பல ஊர்களுக்கு ஓடின. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று பழையவர்கள் சொல்வதுண்டு. அக்காலச் சாலைகளில் மாட்டு லாட ஆணிகள் கிடக்கும். டயர் பஞ்சர் ஆகும். பஸ் புறப்படும் முன்பே, காந்தம் கட்டிய வண்டி ஒன்று சாலையில் போய் ஆணிகளைப் பொறுக்கிவிடுமாம்!

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்கவில்லை. அப்போதும் கரியிலிருந்து வாயு உண்டாக்கும் 'டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்' மூலம் பஸ்களை ஓட்டினார்கள். பயணியை நடு வழியில் நிறுத்தக் கூடாது என்ற எண்ணம்தான் காரணம்.

இன்று ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் நடக்கின்றன. சென்னையில் 2025 ஜூன் மாதம் மாநகர மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. பேட்டரி ஆராய்ச்சிக்கு, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துக் காரைக்குடியிலேயே இருக்கிறது. 2022-ல் நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தபோது, அந்த ஆண்டு டிசம்பர் முதல் பேட்டரிகளுக்குக் கடுமையான விதிகள் வந்தன. பேட்டரிக்குக் கிடைத்த அந்தக் கவனம் இந்தச் சிறு பெட்டிக்கும் கிடைக்க வேண்டும்.

வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

மின்சார வண்டி வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் மனத்தில் வைக்க வேண்டியவை இதோ:

1. பேட்டரிக்கு எத்தனை வருஷ உத்தரவாதம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கன்ட்ரோலருக்கு, மோட்டாருக்கு, சார்ஜருக்குத் தனித்தனியே எத்தனை வருஷம் என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

2. பழுது பார்க்கும் இடம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, கன்ட்ரோலர் கெட்டால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்று விற்பவரிடமே கேளுங்கள்.

3. 'ஐ.பி. 67' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் எண் 6 என்றால் தூசி புகாது. இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் இருந்தாலும் நீர் புகாது.

4. புத்தகத்தில் சொன்ன சுமைக்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டு நடையாகப் போவது, ஒரு கன்ட்ரோலர் வாங்குவதைவிட மலிவு.

5. வெயிலில் சுமையோடு போகும்போது வண்டி தானாக வேகம் குறைந்தால் பயப்பட வேண்டாம். நிழலில் நிறுத்தி ஆற விடுங்கள். "ஸ்பீடு லாக்கை எடுத்துவிடுகிறேன்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

6. கன்ட்ரோலர் தகடுகள் வெளியே தெரியும் வண்டியானால், சாவியை எடுத்துவிட்டு, உலர்ந்த தூரிகையால் மண்ணைத் தட்டிவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரை அந்தப் பக்கம் அடிக்காதீர்கள்.

7. வண்டி வெள்ளத்தில் மூழ்கினால் உடனே ஓட்டவோ சார்ஜ் போடவோ கூடாது. மெக்கானிக் பார்த்த பிறகே தொட வேண்டும்.

8. ரப்பர் கருகும் வாசனை வந்தால் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுங்கள். பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். சாவியை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

பதினெட்டு நாள்

மாவு விற்கும் அம்மாளின் கதைக்கு வருவோம். புதுக் கன்ட்ரோலர் வந்து சேரப் பதினெட்டு நாள் ஆயிற்று. எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே வேண்டாம். வேறு சில வண்டிகளுக்கும் இந்தக் கதி நேர்ந்ததுண்டு என்று அந்த மெக்கானிக் சொன்னார்.

பதினெட்டு நாளும் மாவு வியாபாரம் என்ன ஆயிற்று? பிறகு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே திண்ணை ஓரத்தைக் காட்டினார். அங்கே ஒரு பழைய ஆண்கள் சைக்கிள் சாய்ந்திருந்தது. 1992-ல் வாங்கியது!

"இதுலதான் போனேன். ஒரு வாளிதான் கட்ட முடியும். அதனால பாதிக் கடைக்குத்தான் கொடுத்தேன். இந்த வயசுல முழங்கால் வலி வேற. ஆனா சைக்கிள்ல எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரியும் தம்பி. செயின் கழண்டா நானே மாட்டிக்குவேன். இந்த வண்டியில எது எப்போ போகும்னு எனக்குத் தெரியலையே!"

இதற்கு என்ன பதில் சொல்வது? கண்ணுக்குத் தெரியாத பொருளை நம்பி மனிதர்கள் சாலையில் இறங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி அதைச் செய்து கொடுப்பதும், கெட்டால் காக்க வைக்காமல் மாற்றித் தருவதும் செய்பவர்களின் கடமை. மண் தட்டி, சுமை பார்த்து வைத்துக்கொள்வது நம் கடமை.

நான் புறப்பட்டபோது மாலை மணி நான்கு. அந்த அம்மாள் ஸ்கூட்டரின் அடியில் குனிந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கன்ட்ரோலர் தகடுகளைச் சுத்தம் செய்தார். ஒரே ஒரு வாளியை மட்டும் வைத்துக் கட்டினார்.

"இன்னொண்ணு?" என்று கேட்டேன்.

"அது அடுத்த நடைக்கு" என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பிப் புதுக்கோட்டையை நோக்கிப் போனார்.